அன்றாட ஓட்டத்துக்குப் பழைய ஜெர்மன் கூப்பே: 9,000 பவுண்டில் எதை வாங்கலாம்?

1. ஹாரோவாசி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக மனத்தில் புரண்டுகொண்டிருக்கும் கேள்வி இது. வீடு லண்டன் ஹாரோவில், வேலை மெய்டன்ஹெட்டில். ஒரு வழிக்கு ஏறக்குறைய 22 மைல், வாரத்தில் ஐந்து நாளும் போகிறேன். பன்னிரண்டு ஆண்டு உழைத்த கொரோலாவை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்தது உங்களுக்குப் பிடித்த காராகவே இருக்கட்டும் என்று மனைவியே சொல்லிவிட்டாள். அவளிடம் யாரிஸ் இருக்கிறது. ஆறு வயது மகளைக் காலையில் பள்ளியில் இறக்குவது மட்டும் என் பொறுப்பு.

கையில் 9,000 பவுண்டு. மனத்தில் இருப்பவை மூன்று: பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் இரண்டு கதவு வடிவமான கூப்பே, அதாவது ஈ92, இரண்டாம் தலைமுறை ஆடி டிடி, போர்ஷே கேமன். கடைசியாகச் சொன்னதற்குப் பணம் போதாது என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து வெளியே எடுக்கும் காரை நான் தேடவில்லை. மழை, பனி, பள்ளி வாசல், காய்கறிப் பை எல்லாம் இதில்தான். பதினைந்து, பதினெட்டு வயதான ஜெர்மன் காரை நம்பித் தினமும் வேலைக்குப் போகலாமா?

2. பட்டறைக்காரன்

தம்பி, தாராளமாகப் போகலாம். என் பட்டறைக்கு வருகின்றவற்றில் பாதிக்கு மேல் அந்த வயது வண்டிகள்தான். ஆனால் ‘ஈ92’ என்று ஒற்றைப் பெயரில் தேடாதீர்கள். ஒரே உடலுக்குள் பல எஞ்சின்கள் இருக்கின்றன. ஒன்று உங்களை வாழவைக்கும், இன்னொன்று சேமிப்பைக் கரைக்கும்.

டீசல் வகையான 320டி-யை முதலில் தள்ளிவையுங்கள். அதில் வந்த என்47 டீசல் எஞ்சினுக்கு டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது) பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்து சத்தம் கொடுக்கத் தொடங்கினால் பெரிய கழற்றல் வேலை. கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தால் எஞ்சினே போய்விடும். போதாக்குறைக்கு நீங்கள் இருப்பது யூலெஸ், அதாவது புகைத் தரம் எட்டாத வண்டிக்கு லண்டனில் கட்டணம் வாங்கும் பகுதியின் எல்லைக்குள். டீசலுக்கு அங்கே யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். அந்தக் காலத்து 320டி அதை எட்டாது. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும் என்பதால் ஈ92 பெட்ரோல் வண்டிகளுக்குத் தொல்லை இல்லை.

அடுத்து, பெட்ரோலில் ஓடும் 335ஐ. 2006 முதல் 2010 வரை அதில் வந்த எஞ்சின் என்54, இரட்டை டர்போ. ஓட்டினால் அதன் இழுப்பை மறக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயர் அழுத்த எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர்கள், தேய்ந்து கடகடக்கும் வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) என்று வரிசையாக வரும். இந்த விலைக்கு விற்கப்படும் 335ஐ-களில் பல, கணினியில் கூடுதல் சக்திக்கு மாற்றி ஓட்டப்பட்டவை. திரும்பப் பழையபடி ஆக்கிவிட்டு விற்பார்கள்.

உங்களுக்கு ஏற்றது 325ஐ அல்லது 330ஐ. அதிலும் ஒரு பிரிவு உண்டு. இங்கிலாந்தில் ஈ92 வந்த முதல் ஓராண்டு வாக்கில் இருந்தது என்52 எஞ்சின். 2007-இல் என்53 வந்தது. என்53 எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும். சிக்கனமானது, வரியும் குறைவு. ஆனால் அதன் ஆறு இன்ஜெக்டர்களும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரும் கையைக் கடிக்கும் விலை. என்52 பழைய முறை: டர்போ இல்லை, நேரடிப் பீய்ச்சல் இல்லை. வரிசையாக ஆறு சிலிண்டர், வழவழவென்று சுற்றும். தினமும் 44 மைல் ஓட வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். அடிச்சட்ட எண்ணைக் கொண்டு எந்த எஞ்சின் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது.

3. ரெடிங்_அக்கா

டிடி பற்றி நான் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டு 2.0 டர்போ, ஏழு ஆண்டு அதுதான் என் ஒரே கார். 58,000 மைலில் வாங்கி 1,21,000 மைலில் விற்றேன்.

பலரும் நினைப்பதைவிட அது உதவிகரமான வண்டி. பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் பெரிய கதவு, பின் இருக்கைகளை மடித்தால் நீளமான தட்டையான தளம். ஐக்கியாவில் வாங்கிய அலமாரியை அதில் ஏற்றி வந்திருக்கிறேன். உடலின் பெரும்பகுதி அலுமினியம் என்பதால் உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் மற்ற வண்டிகளைப் போலத் துரு பிடிக்கவில்லை.

ஆனால் தம்பிக்கு ஆறு வயதுப் பிள்ளை. அங்கேதான் எனக்கு நெருடுகிறது. இந்த நாட்டில் பன்னிரண்டு வயதோ 135 சென்டிமீட்டர் உயரமோ ஆகும் வரை குழந்தை இருக்கை கட்டாயம். என் அக்கா மகனை அப்படிப் பின்னால் உட்கார வைத்தபோது, டிக்கிக் கதவை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எட்டி அவன் தலையைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன். கண்ணாடி அவ்வளவு அருகில் வரும். அவன் எட்டு வயதில் அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டான். உங்கள் மகளுக்கு அதற்கு இரண்டு ஆண்டுதான் இருக்கிறது.

எஞ்சினிலும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளின் 2.0 டர்போவில் டைமிங் பெல்ட் இருக்கும். பிறகு வந்ததில் செயின். பெல்ட் எஞ்சினில், உயர் அழுத்த எரிபொருள் பம்புக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் நடுவே தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் அளவுக்கு ஒரு சிறிய உலோகக் குப்பி இருக்கிறது. கேம் ஃபாலோயர் என்பார்கள். மெக்கானிக் ஒருமுறை அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். புதிதில் முகம் முழுவதும் கறுப்புப் பூச்சாக இருக்குமாம். என்னுடையதில் நடுவே வெள்ளி நாணயம்போல் ஒரு வட்டம் தேய்ந்து பளபளத்தது. இன்னும் பத்தாயிரம் மைல் விட்டிருந்தால் ஓட்டை விழுந்து கேம் தண்டையும் தின்றிருக்கும் என்றார். உதிரிப் பாகத்தின் விலை மிகச் சொற்பம். அன்றிலிருந்து 20,000 மைலுக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லிவிடுவேன். டிடி பார்க்கப் போனால் விற்பவரிடம் இதைக் கேளுங்கள். ‘அது என்ன?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், அதைத் திறந்து பார்க்கும் செலவையும் விலையில் பேசிக்கொள்ளுங்கள்.

4. கோல்ஃப்_போதும்

மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், ஹாரோவாசி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்குகின்றவருக்கு இரண்டு கதவுக் கார் எதற்கு? முன் இருக்கையைச் சாய்த்து, குனிந்து, பெல்ட் மாட்டி, நிமிர்ந்து… பின்னால் வண்டிகள் காத்திருக்கும். அதே பணத்தில் நல்ல கோல்ஃப் ஜிடிஐ ஐந்து கதவோடு கிடைக்கும். டிடியில் இருக்கும் அதே குடும்ப எஞ்சின்தான். வேகமும் உண்டு, வசதியும் உண்டு.

கூப்பேயின் கதவு நீளம். கடை வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டி ஒட்டி நின்றால் பக்கவாட்டில் நெளிந்துதான் இறங்க வேண்டும். மழை நாளில் பிள்ளையோடு இதைச் செய்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

5. ஹாரோவாசி

சொன்னது எல்லாம் நியாயம், தவறாக எடுக்கவே இல்லை. கோல்ஃப் நல்ல கார். நண்பனுடையதை ஓட்டியிருக்கிறேன். ஆனால் இறங்கிப் பூட்டிவிட்டு நடக்கும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு ஆண்டு கொரோலா ஓட்டிய எனக்கு, திரும்பிப் பார்க்க வைக்கும் ஒரு கார் வேண்டும். நாற்பத்தொன்று வயதாகிறது. இப்போது இல்லையென்றால் மகளின் கல்லூரிச் செலவு வந்த பிறகு நிச்சயம் இல்லை.

அக்கா சொன்ன இரண்டு ஆண்டுக் கணக்கு என்னைச் சிந்திக்க வைத்துவிட்டது. டிடி பட்டியலிலிருந்து போகிறது. கேமன் வைத்திருப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

6. இரண்டு_இருக்கை

நான் வைத்திருக்கிறேன். 2009-க்குப் பிறகு வந்த 2.9 லிட்டர் எஞ்சின். ஒரே வரியில் பதில்: இரண்டே இருக்கைகள். உங்கள் காலை வேலையை அது செய்யாது.

அது தவிர, உங்கள் தொகைக்கு வருவது 2005 முதல் 2008 வரையான முதல் தொகுதியாகத்தான் இருக்கும், அதுவும் கேள்விக்குரிய நிலையில். அந்த எஞ்சினில், குறிப்பாக 3.4 லிட்டரில், சிலிண்டர் சுவர் கீறல் விழுவது தெரிந்த பிரச்சினை. சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கீறல் இருந்தால் சரிசெய்யும் செலவு உங்கள் மொத்தத் தொகையை விழுங்கிவிடும். 2009 எஞ்சின் புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதனால்தான் நான் மூன்று ஆண்டு காத்திருந்து அதை வாங்கினேன்.

மற்றபடி, முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. இரண்டு பேருக்கு இதைவிடப் பொருத்தமான அன்றாடக் கார் நான் ஓட்டியதில்லை. மகள் வளர்ந்த பிறகு வாருங்கள், என்னுடையதையே ஓட்டிப் பார்க்கலாம்.

7. கணக்குப்பிள்ளை

எண்களை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன். நாளுக்கு 44 மைல், வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 46 வாரம்: 10,120 மைல். 330ஐ அன்றாடப் பயணத்தில் கேலனுக்கு 28 மைல் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 361 கேலன், அதாவது 1,643 லிட்டர். லிட்டர் 1.40 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 2,300 பவுண்டு பெட்ரோலுக்கு.

‘டீசல் சிக்கனமாயிற்றே’ என்று யாராவது சொல்வார்கள். யூலெஸ் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும், அதாவது எல்லா நகராட்சிப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. தரம் எட்டாத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50. ஹாரோ வீட்டு வாசலிலிருந்து எடுத்தாலே கட்ட வேண்டும். 230 வேலை நாளுக்கு 2,875 பவுண்டு. ஒரு சொட்டு டீசல் ஊற்றுவதற்கு முன்பே 330ஐ-யின் ஓராண்டுப் பெட்ரோலைத் தாண்டிவிட்டது.

சாலை வரியையும் பாருங்கள். 2006 மார்ச் 23-க்குப் பிறகு பதிவான வண்டி, கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டால் ஆண்டு வரி 700 பவுண்டைத் தாண்டும். ஒரு கிராம் கீழே இருந்தாலும் கணிசமாகக் குறையும். இந்த எண் லாக்புக்கிலேயே, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிலேயே அச்சாகி இருக்கும். வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் அதை வாங்கிப் பாருங்கள்.

காப்பீடு எடுக்கும்போது வேலைக்குச் செல்லும் பயணத்தையும் சேர்க்க மறக்க வேண்டாம். சொந்தப் பயணத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு அலுவலகம் போகும் வழியில் மோதினால் பெரிய சிக்கல். டிடி வாங்கிய என் தம்பிக்குக் கடைசி நேரத்தில்தான் இது நினைவுக்கு வந்தது.

8. பட்டறைக்காரன்

கணக்குப்பிள்ளையின் கணக்கில் ஒரு வரி சேர்க்கிறேன். 9,000 இருந்தால் 6,000, 6,500-க்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். முதல் ஆண்டில் அதில் பாதியாவது செலவாகும் என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள். என்னிடம் கண்கலங்கி நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும், கையில் இருந்த கடைசிப் பவுண்டு வரை வண்டிக்கே கொடுத்தவர்கள். அவர்கள் வாங்கிய வண்டிகள் மோசமானவையும் அல்ல. ஒரு தண்ணீர்ப் பம்பும் நான்கு டயரும் சேர்ந்து வந்தபோது வழியில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

9. ஹாரோவாசி

நேற்று முதல் வண்டியைப் பார்த்தேன். அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம், 335ஐ-தான். 2008, கறுப்பு, 7,800 கேட்டார். படத்தைப் பார்த்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ‘பேட்டரி ஏறட்டும் என்று போட்டேன்’ என்றார். முன்பக்க இரண்டு டயர் ஒரு பெயர், பின்பக்கம் இரண்டும் இரண்டு பெயர், நான் கேள்விப்படாத பெயர்கள். சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 2017. ஓட்டிப் பார்த்தேன். ஏ40 நெடுஞ்சாலையில் சேரும் வளைவில் அழுத்தியபோது வயிறு முதுகோடு ஒட்டியது. இன்னும் நினைவிலிருந்து போகவில்லை. பதிவு எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள்?

10. பட்டறைக்காரன்

கோபம் எதற்கு? ஓட்டிப் பார்த்ததே நல்லது.

அரசாங்க இணையதளத்தில் அந்த வண்டியின் எம்ஓடி, அதாவது ஆண்டுத் தகுதிச் சோதனை வரலாற்றைப் பார்த்தேன். பதிவு எண்ணைப் போட்டால் 2005-லிருந்து நடந்த ஒவ்வொரு சோதனையும் மைலோடு வரும், கட்டணம் கிடையாது. பலர் ‘தேறியது’ என்ற பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதன் கீழே இருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைத்தான் வாசிக்க வேண்டும். இந்த வண்டிக்குப் பின் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்திருப்பதாக மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். டயரை மாற்றியிருக்கிறார், சக்கர அமைவைச் சரிசெய்யவில்லை. நான்காம் ஆண்டு எஞ்சினின் கீழ் எண்ணெய்க் கசிவு என்று குறிப்பு. அடுத்த ஆண்டும் அதே. நடுவில் இரண்டு ஆண்டில் 900 மைல்தான் ஓடியிருக்கிறது. நின்ற காரணத்தை அவரிடம் கேட்டீர்களா?

மிகக் குறைந்த மைல் என்று மயங்காதீர்கள். ஆண்டுக்கு ஒன்பதாயிரம் மைல் ஒழுங்காக ஓடிய வண்டியில் ரப்பர், சீல், பிரேக் எல்லாம் உயிரோடு இருக்கும்.

சூடான எஞ்சினைக் காட்டுகின்றவரிடம் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, போனட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எழும்பும் முதல் பத்து விநாடிச் சத்தத்தில் நான் தெரிந்துகொள்வதை அரை மணி நேர ஓட்டத்தில்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.

இந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

11. லூட்டன்_பையன்

தனியாரிடம் வாங்குவதா, விற்பனையாளரிடம் வாங்குவதா என்று யாரும் பேசவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

2011 டிடி, தானியங்கி கியர். பழைய கார் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். ‘முழுப் பரிசோதனை செய்தது’ என்றார்கள். பன்னிரண்டாம் நாள் எம்1 சாலையில் கியர் காட்டும் எழுத்து மினுக்கத் தொடங்கியது, பிறகு ஒரே கியரில் நின்றுவிட்டது. சாலையோர அவசரப் பாதையில் இரவு பத்தரைக்கு மனைவியோடு நின்றேன். கடைக்காரர் ‘இந்த வயது வண்டியில் இதெல்லாம் சகஜம், பாதிச் செலவு தருகிறேன்’ என்றார்.

நல்லவேளை, அலுவலகத்தில் ஒருவர் வழி சொன்னார். 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்பனையாளரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, ‘வண்டியை நிராகரிக்கிறேன்’ என்று தெளிவாக எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் இழுத்தார்கள், பணம் முழுவதும் வந்தது. தனியாரிடம் வாங்கியிருந்தால் இந்த வழியே இல்லை.

12. ரெடிங்_அக்கா

அந்தத் தானியங்கி பற்றி ஒரு சொல். ஆறு கியர் வகைக்கு 40,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும். அதற்கான ரசீது இல்லாத வண்டியை நான் தொடமாட்டேன்.

13. கோல்ஃப்_போதும்

ஹாரோவாசி தினமும் நெரிசலில் போகிறார். தானியங்கிதானே அவருக்கு ஏற்றது? முழங்கால் என்னாவது?

14. பட்டறைக்காரன்

இரண்டும் சரி. பிஎம்டபிள்யூவில் வரும் இசட்எஃப் நிறுவனத்தின் தானியங்கி உறுதியானது. ஆனால் ‘வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்’ என்ற பேச்சை நம்பிப் பலர் கெடுத்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸைச் செய்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாரோ மாற்றாமல் விட்ட தானியங்கியைவிட, கிளட்ச் மாற்றிய ரசீதுள்ள கைக்கியர் மேல்.

15. ஹாரோவாசி

வாங்கிவிட்டேன்.

ஐந்து வாரம், நான்கு வண்டி. மூன்றாவது என்53 என்று அடிச்சட்ட எண்ணில் தெரிந்தது. விற்பவர் என்52 என்றே நம்பிக்கொண்டிருந்தார், பாவம். நான்காவது அமர்ஷம் என்ற ஊரில். 2007 மார்ச்சில் பதிவான 330ஐ, கைக்கியர், அடர் நீலம், 91,400 மைல். ஓய்வுபெற்ற ஆசிரியர், பதினொரு ஆண்டு வைத்திருந்தவர். காலை எட்டரைக்குப் போனேன். போனட்டில் பனி உறைந்து வெள்ளையாக இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவர் ஒரு தடித்த கோப்பைக் கொடுத்தார். வண்டியின் கணினி இரண்டு ஆண்டு பொறுக்கலாம் என்று சொன்னாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் எண்ணெய் மாற்றியிருக்கிறார். பதினொரு ரசீதும் வரிசையாக இருந்தன. நான்கு டயரும் ஒரே பெயர். லாக்புக்கில் அவருக்கு முன் இரண்டே உரிமையாளர்கள். கடன் பாக்கி, விபத்துப் பதிவு இரண்டையும் பணம் கட்டிச் சரிபார்த்தேன், சுத்தம். 6,600 கேட்டார், 6,200-க்குக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது கையை எடுக்க அவருக்கு ஒரு கணம் பிடித்தது. எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

மகளை முதல்நாளே கூட்டிச் சென்றிருந்தேன், அவளுடைய இருக்கையோடு. பின்னால் வசதியாக உட்கார்ந்தாள், தலைக்கு மேல் நிறைய இடம். கதவை மூடியதும் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறிய கை நீண்டு முன் இருக்கைக்காரருக்குப் பெல்ட்டை எடுத்துக் கொடுக்கிறதல்லவா? ‘அப்பா, கார் உங்களுக்குப் பெல்ட் தருகிறது’ என்று மறுபடி மறுபடி கதவைத் திறந்து மூடச் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலையிலேயே ஒரு பாடம். கதவுக்குச் சட்டம் இல்லாததால், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சற்றுக் கீழே இறங்கித்தான் கதவு திறக்கும். உறைபனியில் கண்ணாடி ரப்பரோடு ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிறது, இழுக்கவும் பயம். வெதுவெதுப்பான துணியை வைத்துப் பத்து நிமிடம் நின்றேன். இதற்கு என்ன செய்வது?

16. கோல்ஃப்_போதும்

மனமார்ந்த வாழ்த்துகள். அந்தக் கோப்பு பற்றிப் படித்ததும் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்படி ஒருவர் பார்த்துக்கொண்ட கோல்ஃப் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

17. பட்டறைக்காரன்

நல்ல வண்டி, தம்பி. நான் இருந்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன். ரப்பருக்குச் சிலிக்கோன் தைலம் தடவுங்கள். இலையுதிர் காலத்தில் ஒருமுறை, நடுக்குளிரில் ஒருமுறை. ஒட்டாது.

கோப்பில் தண்ணீர்ப் பம்ப் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவது பெல்ட் அல்ல, மின்சார மோட்டார். பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் மைலுக்குள் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். எஞ்சின் அளவுமீறிச் சூடாகும் எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

18. ஹாரோவாசி

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். பம்ப் மட்டும் இல்லை. 91,400 மைல். எம்4 நெடுஞ்சாலையில் நிற்பதற்கு முன் மாற்றிவிடுவதே நல்லது. நண்பரின் வாகனக் கொட்டகையில் நானே மாற்றலாமா? கருவிகள் இருக்கின்றன.

19. பட்டறைக்காரன்

மாற்றலாம், இரண்டு விஷயத்தில் கவனம்.

எஞ்சின் உடல் மக்னீசியக் கலவை. இரும்புத் திருகாணி போட்டால் அரித்துவிடும் என்பதால் அலுமினியத் திருகாணிகள் போட்டிருக்கிறார்கள். அவை இறுக்கும்போது நீண்டு பிடிப்பவை. ஒருமுறைதான் பயன்படும். கழற்றியதை மறுபடி போடாதீர்கள், புதிய தொகுப்பு வாங்குங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதே இடத்தைத் திரும்பத் திறக்க வேண்டாம்.

அடுத்தது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் பாதையிலிருந்து காற்றை வெளியேற்றுவது. கூலன்ட் ஊற்றிவிட்டு எஞ்சினை எழுப்பாதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, சாவியை மட்டும் போடுங்கள். வெப்பக் காற்றை உச்சத்தில் வைத்து விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள். பிறகு முடுக்கியைத் தரைவரை பத்து விநாடி மிதித்துப் பிடித்தால் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் ஓடி, காற்றைத் தள்ளிவிட்டு நிற்கும். அமைதியான கொட்டகையில் கேட்டால் முதலில் களகளவென்றும் போகப் போக மெல்லிய ரீங்காரமாகவும் மாறுவது தெரியும். நின்றதும் அளவு பார்த்து நிரப்புங்கள்.

20. ஹாரோவாசி

முடித்துவிட்டேன், ஞாயிறு காலை தொடங்கி மாலை நான்கு மணி ஆனது. களகளப்பு ரீங்காரமாக மாறிய இடத்தில் நண்பரும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம். பழைய பம்பின் அடியில் 2006 என்று தேதி இருந்தது, தொழிற்சாலையில் மாட்டியதேதான். தண்டு ஏற்கெனவே ஆடியது.

மூன்று வாரத்தில் 600 மைல் ஓட்டிவிட்டேன். மெய்டன்ஹெட் வாகன நிறுத்தத்தில் தினமும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று. கீழே படுத்திருந்தபோது எண்ணெய் வடிகட்டிக் கூட்டின் அடியில் ஈரம் தெரிந்தது. சொட்டவில்லை, வியர்த்ததுபோல் இருக்கிறது. கோடை வரை விடலாமா?

21. பட்டறைக்காரன்

விடாதீர்கள். அந்தக் கூட்டின் நேர் கீழேதான் பெல்ட் ஓடுகிறது. எண்ணெய் இறங்கினால் பெல்ட் நைந்து நழுவும். அறுந்த நாரை முன்பக்க எண்ணெய்ச் சீலுக்குள் இழுத்துக்கொண்ட எஞ்சின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டியது ஒரு ரப்பர் வளையம்தான், வேலை இரண்டு மணி நேரம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மகள் வருவதாக இருந்தால் பழைய வளையத்தை எடுத்து வைக்கிறேன். வெண்ணெய்போல் இருக்க வேண்டிய ரப்பர் எப்படிக் கல்லாகிறது என்று தொட்டுப் பார்க்கட்டும்.